பேர் அடிக்கப்பட்ட பிள்ளைகள்

தம்பி,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. வேலை நிரந்தரமான செய்தியைப் படித்த கையோடு பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதினேன், கிழித்தேன். மறுநாளும் அப்படியே. சந்தோஷம் இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் சீனி கொடுத்தேன், வீரபாண்டி அம்மனுக்கு முடிந்துவைத்த காணிக்கையையும் எடுத்து வைத்தேன். ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் நீ எழுதியிருந்த நாலு வரி என்னை உட்கார விடவில்லை. உங்கள் நிறுவனம் தர்மபுரிப் பக்கம் நடத்துகிற குழந்தைகள் உணவு மையங்களால் பலன் இருக்கிறதா என்று ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும் பொறுப்பை உனக்குத் தந்திருப்பதாக எழுதியிருந்தாய். அறிக்கையை அலுவலகத்திலேயே டைப் அடித்து வைத்துவிட்டார்கள், நாலைந்து மையங்களை ஜீப்பில் போய் எட்டிப் பார்த்துவிட்டு மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டால் போதும், பிள்ளைகளின் எடையெல்லாம் ஏறித்தான் இருக்கிறது, எல்லாம் ஒரு சம்பிரதாயம்தான் என்றும் எழுதியிருந்தாய். நீ அதைக் கவலையாக எழுதவில்லை. வேலை சுலபம், அம்மா பயப்பட வேண்டாம் என்று எனக்குச் சொல்வதற்காகத்தான் எழுதினாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இது நீளமாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து உட்கார்ந்து படி.

நான் பாலர் மையத்தில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்த மையம் உன் ஏழு வயது வரைக்குமான மையம். அதற்குப் பிறகு உன்னைத் தேனியில் விடுதியில் சேர்த்துவிட்டேன். உன் அப்பா காய்ச்சலில் போனபோது உனக்கு மூன்று வயது. எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணுக்கு அந்த நாளில் கிடைக்கக்கூடிய வேலை எதுவென்று எனக்கே தெரியாமல் இருந்தபோது, தேனியில் சில வியாபாரிகளும் சபைக்காரர்களும் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. வருசநாட்டு மலையடியில் ஒரு ஊர், வைகை அங்கே வெறும் ஓடைதான், வருடத்தில் பாதி நாள் மணல்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கொட்டகை. வெளிநாட்டிலிருந்து மூட்டையில் கோதுமை ரவையும், தகர டின்னில் எண்ணெயும், பால்பவுடரும் வரும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள அறுபது பிள்ளைகளுக்கு நாள்தோறும் காலை பதினொரு மணிக்குச் சாப்பாடு. அறுபது என்பது கண்டிப்பான கணக்கு. அறுபது பேருக்குத்தான் மூட்டை வரும்.

மாதத்தில் முதல் வியாழக்கிழமை எடை போடுவோம். உத்தரத்தில் கொக்கித் தராசைத் தொங்கவிட்டு, அதில் ஒரு துணித் தூளியைக் கட்டிப் பிள்ளையை உட்காரவைத்தால் முள் ஆடி ஆடி நிற்கும். தராசைப் பார்த்ததுமே பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிடும். நீயும் ஒருநாள் அதில் ஏறி உட்கார்ந்து தூளியைக் கிழித்தாய், நான் உன் முதுகில் இரண்டு வைத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. எடை பச்சையில் விழுந்தால் நல்லது, சிவப்பில் விழுந்தால் ஆபத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் வயதுக்கு இருக்க வேண்டிய எடையில் நூற்றுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு வகுத்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய தாளில் மாதத்துக்கு ஒரு புள்ளி வைப்பேன். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் தேனியிலிருந்து சூப்பர்வைசர் ஜீப்பில் வருவார்.

சூப்பர்வைசர் ஐயாவைப் பற்றி நீ தப்பாக நினைத்துவிடக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர். போடியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம், கடையைத் தம்பிக்கு விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஜீப் ஏற முடியாத மழை நாளில் மூட்டையைத் தன் தோளிலேயே சுமந்து வந்திருக்கிறார். வலிப்பு வந்த ஒரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்குப் போய், அது கண் திறக்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் எனக்கு அந்த விதியைச் சொல்லித்தந்தார். ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல் மூன்று மாதம் எடைக்கு வரவில்லை என்றால் அதன் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, காத்திருக்கிற பிள்ளைகளில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். "வராத பிள்ளைக்கு வச்ச சோறு வீணாப் போகுது, வர்ற பிள்ளை வெளிய நின்னு பாக்குது, எது ஞாயம் தங்கச்சி?" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

கோடு ஏறியது தம்பி. முதல் வருடம் கொஞ்சம் ஆடியது, பிறகு ஏற ஆரம்பித்தது. மூன்றாவது வருடம், நாலாவது வருடம் அது ஏறியதைப் பார்த்தால் யாருக்கும் மனம் நிறையும். தேனியிலிருந்து சங்கத்துப் பெரியவர்கள் வந்தார்கள், மதுரையிலிருந்து யார் யாரோ வந்தார்கள், வெள்ளைக்காரர் இருவர் வந்து அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சங்கத்து ஆண்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நம் மையத்துக்கு மாதிரி மையம் என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடம்தான் உன்னைச் சங்கத்து விடுதியில் எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எனக்குக் கர்வம் வந்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன். கைம்பெண் என்று எதிரே வரத் தயங்கியவர்கள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அந்தக் கோட்டை நான்தான் ஏற்றினேன் என்று நம்பினேன்.

பிறகு அந்த டாக்டரம்மா வந்தார். மூட்டை அனுப்புகிறவர்கள், தங்கள் உணவால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன்னைப் போலச் சின்ன வயது. முப்பது இருக்காது. குச்சி மாதிரி உடம்பு, நூல் சேலை, தோளில் ஒரு பை. ஜீப் வேண்டாம் என்று பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு மைல் நடந்து வந்தார். நான் சுவரில் இருந்த தாளைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். எல்லோரும் சொல்வது போல ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"டீச்சர், இந்தக் கோடு யாரோட எடை?" என்று கேட்டார்.

"நம்ம பிள்ளைக எடைதாம்மா. அறுபது பேரும் சேந்து."

"இந்த வருசத்து அறுபது பேரும் போன வருசத்து அறுபது பேரும் ஒரே பிள்ளைங்களா?"

பதிவேட்டை எடுக்கச் சொன்னார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். சிவப்பு மையில் அடித்த பெயர்களில் விரலை வைத்து வைத்துப் போனார். கடைசி இரண்டு வருடத்துக்குள் மட்டும் இருபத்து மூன்று பெயர்கள். "இவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார். வராமல் நின்றுவிட்டார்கள் என்றேன். "அது தெரியுது. எங்க இருக்காங்க?" என்று மறுபடியும் கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். அந்த ஐந்து வருடத்தில் எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வரவில்லை என்று சொல்வதுகூடப் பொய்தான். இரண்டு மூன்று வீட்டில் பிள்ளை செத்துப்போனது என் காதுக்கு வந்தது. சின்னப் பிள்ளைச் சாவுக்கு மேளம் இல்லை, ஊர் கூடுவதில்லை. காலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு அன்றைக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். கேட்டதும் அடடா என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையின் அட்டை என் பெட்டியில்தான் இருக்கிறது என்று நினைக்கவில்லை.

மூன்று நாள் நடந்தோம். சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை. "மையத்துக்கு வராத பிள்ளையப் போயிப் பாத்து, மையம் எப்படி நடக்குதுன்னு என்னம்மா தெரியும்?" என்றார். டாக்டரம்மா சிரித்தபடி, "அவங்களப் பாக்காட்டி அதுவே தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். முதல் நாள் போன மூன்று வீடு பூட்டிக் கிடந்தது. ஏலத்தோட்டத்துக்கு மலையேறிப் போனவர்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எனக்கு மனசு லேசாயிற்று. நாலாவது வீட்டில் பிள்ளை உயிரோடு இருந்தது, ஆனால் கழுத்து நிற்கவில்லை. ஐந்தாவது வீட்டில் அம்மாக்காரி இலவங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. பிள்ளையைக் கேட்டோம். நிமிராமல், "அது போயி ஆடியோட வருசம் ஒண்ணாச்சு" என்றாள். ஆறாவது வீட்டிலும் அதே பதில். மூன்று நாளில் பார்த்து முடித்தபோது, இருபத்து மூன்றில் ஒன்பது பிள்ளைகள் இல்லை.

ஒவ்வொரு வீட்டிலும் டாக்டரம்மா ஒரே கேள்வியைக் கேட்டார். ஏன் மையத்துக்கு வருவது நின்றது? பாதிப் பேர் சொன்ன பதிலை ஒரு குழந்தையும் யோசித்துச் சொல்லியிருக்கும். விடிகிறதற்கு முன்னால் கடலைக்காட்டுக்கும் விறகுக்கும் போகிறவர்கள், பதினொரு மணிக்குப் பிள்ளையை எப்படி மையத்துக்குக் கொண்டுவருவார்கள்? பதினொரு மணி என்பது தேனியிலிருந்து ஜீப் வந்துசேர வசதியான நேரம். அடித்த பெயருக்குப் பதிலாக நான் சேர்த்த பிள்ளைகள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். பலசரக்குக் கடைக்காரர் பேத்தி, வாத்தியார் மகன், பஸ் கண்டக்டர் வீட்டு இரட்டைப் பிள்ளைகள். மையத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள். வீட்டிலும் சாப்பிட்டு, இங்கேயும் வந்து சாப்பிட்டவர்கள்.

இரண்டாம் நாள் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனோம். கரட்டு ஓரம் கல் அடுக்கிய ஒற்றை அறை. இறந்த ஒன்பதில் ஒன்று அவள் பிள்ளை, பெயர் பாண்டியம்மாள், இரண்டரை வயது, அட்டையில் கடைசி மூன்று புள்ளியும் சிவப்பில் இருந்தது. பேச்சி வாசலில் நின்றாள். டாக்டரம்மா கேட்ட எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்ப்பாள், தரையைப் பார்ப்பாள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க அங்க அந்த வேப்பமரத்துக்கிட்ட இருங்களேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் ஊர், என் பிள்ளைகள், என்னை வெளியே நிறுத்துகிறாரே என்று கோபத்தோடு போய் நின்றேன். அரைமணி நேரம் பேச்சி பேசினாள். தூரத்திலிருந்து அவள் கை அசைவதுதான் தெரிந்தது. டாக்டரம்மா குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்து, என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மையத்தில் உட்கார்ந்து அவர் ஒரு வெள்ளைத் தாளில் அதே கோட்டை மறுபடியும் போட்டார். இந்த முறை நான் அடித்த பிள்ளைகளையும் விடாமல், இரண்டு வருடத்துக்கு முன்னால் பதிவேட்டில் இருந்த அறுபது பேரையும் கணக்கில் வைத்துக்கொண்டு போட்டார். அடிபட்ட பிள்ளைகளுக்குக் கடைசியாக நின்ற எடையை அப்படியே வைத்துக்கொண்டார். கோடு ஏறவில்லை. கொஞ்சம் இறங்கித்தான் போனது. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பிள்ளைங்க எடை கூடினதால உங்க கோடு ஏறல டீச்சர். எடை குறைஞ்ச பிள்ளைங்க கணக்குலேருந்து போகப் போக, மிச்சம் இருக்கிறவங்க எடை கூடுதலாத் தெரியுது." நான் அழுதுவிட்டேன். "அப்ப நான்தான் கொன்னுட்டேனாம்மா?" என்று கேட்டேன். அவர் ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இங்க சாப்பிட்டிருந்தா அந்தப் பிள்ளைங்க பிழைச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. பிழைச்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது. தெரியாது, அதனால தெரியாதுன்னுதான் எழுதுவேன். ஆனா யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்குப் போய்ச் சேரலைங்கிறது தெரியுது. அதையும் எழுதுவேன்." நேரத்தை விடியற்காலைக்கு மாற்ற வேண்டும், பெயரை அடிப்பதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதப் போவதாகச் சொன்னார். வேறொன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

இதுவரைக்கும் நடந்தது அறியாமல் செய்த தப்பு. இனிமேல் சொல்லப்போவது அறிந்து செய்தது.

மூன்று வாரம் கழித்து சூப்பர்வைசர் வந்தார். அந்த அறிக்கையின் நகல் சங்கத்துக்கு வந்துவிட்டது. அவர் முகம் ஒரு சுற்று இளைத்திருந்தது. டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு டைப் அடித்த தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மேற்படி இருபத்து மூன்று குழந்தைகளும் பெற்றோருடன் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டபடியால் பெயர் நீக்கப்பட்டது, வந்த டாக்டர் உள்ளூர் நிலவரம் தெரியாமல் பிறர் சொல்லைக் கேட்டு எழுதிவிட்டார், என்று அதில் இருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"ஐயா, இது நெசமில்லையே" என்றேன்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றார். "அந்தம்மா எழுதினது மூட்டை அனுப்புறவுகளுக்குப் போயிருச்சு. நாம ஒண்ணும் சொல்லாம இருந்தா மூட்டைய நிறுத்திருவாக. அப்ப இருக்கிற அறுவது பிள்ளைக்கும் கஞ்சி இல்ல. செத்த பிள்ளைக்காக இருக்கிற பிள்ளையப் பட்டினி போடச் சொல்றியா? நேரத்த நாம மெதுவா மாத்திக்கிருவோம். யாருக்கும் தெரியாம நாமளே சரி பண்ணிக்கிருவோம்." டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "உன் மகனும் அங்கன விடுதியில இருக்கான். சங்கம் ஆட்டங்கண்டா அதுவும்தான் ஆடும்" என்றார். மிரட்டவில்லை தம்பி. அவர் உண்மையிலேயே உனக்காகவும் கவலைப்பட்டுத்தான் சொன்னார்.

நான் கையெழுத்துப் போட்டேன். உன் படிப்புக்காகப் போட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் முழுக்க உண்மை இல்லை. என் கோடு பொய் என்று ஊர் சொல்லிவிடுமே என்கிற பயமும் இருந்தது. பொன்னாடை போர்த்திய கையே அதை உருவிவிடுமே என்றும் இருந்தது.

மூட்டை நிற்கவில்லை. அந்தத் தாள் போன பிறகு அனுப்புகிறவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள். டாக்டரம்மாவை மறுபடி அந்தப் பக்கம் யாரும் அனுப்பவில்லை. நேரத்தை மெதுவாக மாற்றுவோம் என்று சூப்பர்வைசர் சொன்னாரே, அதுவும் நடக்கவில்லை. மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று யாராவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டி வரும். நானே திருட்டுத்தனமாக விடியற்காலையில் கொஞ்சம் ரவையைக் கிண்டி, வேலைக்குப் போகிறவர்கள் கையில் தூக்குச் சட்டியில் கொடுத்துவிட்டேன், ஒரு பத்துப் பதினைந்து வீட்டுக்கு. அதனால் அந்தப் பிள்ளைகள் தேறினவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மறைத்துச் செய்ததை அட்டையில் எழுத முடியுமா? நன்றாக ஆகியிருக்கும் என்று நம்பத்தான் ஆசை. அப்படி நம்பி நம்பித்தான் முன்னால் கெட்டேன்.

அடுத்த வருடம் நடந்தது இதைவிடக் கொடுமை. மாதிரி மையம் என்று பெயர் வைத்தார்கள் அல்லவா, அந்த மாதிரியைப் பார்த்துக் கண்டமனூர்ப் பக்கமும் கம்பத்துக்குத் தெற்கேயும் பன்னிரண்டு ஊர்களில் புதிதாக மையம் திறந்தார்கள். அதே அறுபது பிள்ளை, அதே பதினொரு மணி, அதே மூன்று மாத விதி. புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு என்னைத்தான் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். நான் கொடுத்தேன். சிவப்பு மையால் எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண், வடுகபட்டிக்காரி, கையைத் தூக்கி, "வராத பிள்ளையப் போயிப் பாக்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள். "நேரம் இருந்தா பாரு" என்றேன். அந்தப் பன்னிரண்டு ஊரில் எத்தனை பெயர் அடிபட்டது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. யாரும் நடந்துபோய்ப் பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆளின் எழுத்தை நான் பொய்யாக்கிவிட்டேன். அது ஒரு ஊரோடு நின்றிருந்தால் என் பாவம் ஒரு ஊர்ப் பாவம்.

பத்து வருடம் கழித்து, வேறு ஏதோ காரணத்துக்காக அனுப்புகிறவர்களே மூட்டையை நிறுத்திவிட்டார்கள். எந்தக் கஞ்சிக்காகப் பொய் சொன்னோமோ அந்தக் கஞ்சி ஒரு கடிதத்தில் நின்றுபோனது. நீ அப்போது மதுரையில் கல்லூரியில் இருந்தாய். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்ததாக உனக்கு எழுதினேன், ஞாபகம் இருக்கும்.

அந்த வருடம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனேன். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு கூட்டத்தில் நிற்கிறேன், எனக்கு முன்னால் ஒருத்தி தீச்சட்டி இறக்கிவிட்டு வேப்பிலையால் கையை ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். பேச்சி. அவள்தான் முதலில், "டீச்சர், நல்லா இருக்கீகளா?" என்று கேட்டாள். இடுப்பில் ஒரு பையன். அவனுக்கு அம்மை வந்து பிழைத்ததற்காக நேர்ந்துகொண்டாளாம். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அந்தக் கூட்டத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன் பிள்ளை வராமல் நின்றபோது நான் தேடி வந்திருக்க வேண்டும் பேச்சி, வராதது என் தப்பு என்றேன்.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நான் வராம நிக்கலையே டீச்சர். கடலைக்காட்டுல காவலுக்குப் போயி மூணு மாசம் அங்கனயே தங்கிட்டோம். எறங்கி வந்த மறுநாளே பிள்ளையத் தூக்கிட்டு வந்தேன். வரிசையில நின்னேன். பேரு இல்லன்னு சொன்னீக. மறுநாளும் வந்தேன், அதுக்கு மறுநாளும் வந்தேன். எடம் வந்தா சொல்லி அனுப்புறேன்னு சொன்னீக."

"நானா சொன்னேன்?"

"நீங்கதான். கையில கரண்டி வச்சிருந்தீக."

தம்பி, எனக்கு அது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. மூன்று நாள் ஒருத்தி சிவப்பில் கிடக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றிருக்கிறாள். அறுபது கிண்ணத்தை எண்ணிக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. பதிவேட்டில் வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். "அந்த டாக்டரம்மாகிட்ட இதச் சொன்னியா?" என்று கேட்டேன். "சொன்னேனே. எல்லாம் எழுதிக்கிட்டாக" என்றாள். அவள் சொன்னது அந்த அறிக்கையில் இருந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து எனக்கு முன்னால் வைத்த தாள், பேச்சி பொய் சொல்கிறாள் என்று சொன்ன தாள். அதில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உன் அலுவலகத்தில் இருக்கிறவர்களும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், அதுதான் எனக்குப் பயம். நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு இருக்கிற இடத்தில், அது நடந்ததா என்று கேட்கிறவன் வேண்டாதவனாகிவிடுவான். உனக்கு அந்த வேண்டாத வேலையைத்தான் தந்திருக்கிறார்கள். அதைச் செய். டைப் அடித்த தாளை ஓரமாக வை. பழைய பதிவேட்டைக் கேள், யார் யார் விடுபட்டார்கள் என்று பார். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கிற நேரத்தில் போ. கரண்டி பிடிக்கிறவளைக் கூடக் கூட்டிக்கொண்டு போகாதே, அவள் என்னைப் போல எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் சரி. நல்லது நடந்திருந்தால் நல்லது என்று எழுது. தெரியாததைத் தெரியாது என்று எழுது. இதனால் வேலை போய்விடலாம். போகாது என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். போனால் வீட்டுக்கு வா, நாம் பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சி அன்றைக்குக் கிளம்பும்போது உன்னை விசாரித்தாள். "உங்க மகன் இப்ப என்ன செய்றாக டீச்சர்?" மதுரையில் படிக்கிறான் என்றேன். அந்தக் கையெழுத்தால்தான் படிக்கிறான் என்று எப்படிச் சொல்வேன்? அவள் இடுப்புப் பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டு, முகம் மலர்ந்து, "நல்லா இருக்கட்டும். வேளா வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

உன் அம்மா